நாய்க்கு ஒரு பங்கு

ஜாமீன் போட வருகிறவன் வெள்ளைச் சட்டை போட்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் வக்கீல் குமாஸ்தா சங்கரலிங்கம் அப்படித்தான் சொன்னார். "பூப்போட்ட சட்டையோட வந்து நின்னா, இவனுக்கே ஒரு ஜாமீன் வேணும் போலிருக்கேன்னு மாஜிஸ்திரேட் ஐயா நெனைப்பாரு தம்பி." நானும் வீட்டுக்கு வந்து, பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்தேன். போலீஸ் வேலைக்கு ஆர்டர் வந்து, சேரப் போகிற அன்றைக்குப் போட வேண்டும் என்று தைத்து வைத்திருந்த சட்டை. அக்கா புருஷனை ஜெயிலிலிருந்து மீட்கத்தான் அதை முதல் தடவையாகப் போட்டேன்.

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அக்கா இல்லை போலிருக்கிறது. நடுவில் யாரையாவது வைதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தவசிமுத்து. தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்து மூன்று வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனசெல்லாம் காக்கியில்தான். ஓடி, கயிறு ஏறி, நெஞ்சு அளந்து, எழுத்துப் பரீட்சையும் பாஸாகி, போலீஸ் தேர்வு லிஸ்டில் பெயர் வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, இவன் மேல் கேஸ் எதுவும் உண்டா என்று தெருவில் விசாரித்து எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. கேஸ் என்று ஒன்று இருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். தெருக்குழாயில் பொம்பளைகள் சண்டை போட்டால்கூட, சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று நான் சுற்றிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

அம்மா நான் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா பாலம்மாள்தான் என்னை வளர்த்தாள். அப்பா சாகும்போது ஊருக்குள் இருந்த ஓட்டு வீட்டை அக்காவுக்கும், ஐயனார் கோவில் போகிற ரோட்டில் மலையடியில் இருந்த மாந்தோப்பை எனக்கும் எழுதி வைத்தார். அக்கா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் புருஷன் வீட்டில் இருந்தாள். புருஷன் கருத்தப்பாண்டி, மாமியார், கொழுந்தன் வீரணன். நான் தோப்பில் ஒரு அறை கட்டிக்கொண்டு தனியாக இருந்தேன். தனியாக என்றால் சிப்பாயும் நானும்.

சிப்பாய் என் நாய். எங்கள் ஊர் ஜாதி. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ஒரு பிடி இடுப்பு. அந்நியர் கையால் சோறு தின்னாது. என்னையும் கருத்தப்பாண்டி அத்தானையும் வீரணனையும் தவிர வேறு யாரும் அதன் கழுத்துப் பக்கம் கை கொண்டுபோக முடியாது. அத்தான் அடிக்கடி வந்து அதைக் கூட்டிக்கொண்டு போவார். எங்கே என்று நான் கேட்க மாட்டேன். மலையடியில் இருக்கிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டை அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்து, வேட்டைக்குப் போனால் ஜெயில் என்று போர்டு வைத்த பிறகும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் போனார்களோ அத்தனை பங்கு, அதோடு நாய்க்கு ஒரு பங்கு. நாய்க்காரன் கூடப் போயிருக்க வேண்டும் என்று இல்லை. வீட்டில் படுத்துத் தூங்கினாலும் அவன் வீட்டு வாசலுக்கு அந்தப் பங்கு வந்து சேர்ந்துவிடும். கொடுக்காமல் விட்டால் அடுத்த தடவை நாய் தடம் எடுக்காது என்று நம்பிக்கை. குடி முழுகினாலும் அதை மட்டும் தவற விட மாட்டார்கள்.

பங்குனி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில்லில் வார லீவு என்பதால் விடிந்தும் படுத்துக் கிடந்தேன். மில்லில் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன், அது வேறு கதை. எழுந்து கதவைத் திறந்தால் சிப்பாய் கட்டிக் கிடக்கிறது, வாயோரம் ரத்தம் காய்ந்திருக்கிறது. வாசல் நிலையில் தேக்கிலைப் பொட்டலம் ஒன்று தொங்குகிறது. அவிழ்த்தால் மிளா மானின் முன்னங்கால், குளம்போடு.

முகத்தைக் கூடக் கழுவவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடி, கிழக்கு வரிசையில் கிளிமூக்கு மாமரங்களுக்கு நடுவில் நின்ற ஒரு ஒட்டு மரத்தின் அடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். மேலே சருகை இழுத்துப் போட்டேன். நாயைக் குளிப்பாட்டினேன். லிஸ்டில் பெயர் இருக்கிறவன் வாசலில் மிளாக் கால் தொங்கலாமா?

கொஞ்ச நேரத்தில் அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"ஏலே தவசி, ஒங்க அத்தானை பாரஸ்டர் புடிச்சுட்டாகலே! கறியும் கையுமா புடிச்சுட்டாக. கூட ஒருத்தன் இருந்தான், ஓடிட்டான், அவன் யாருன்னு சொல்லுன்னு போட்டு அடிக்காகளாம்."

"வீரணன் எங்க?"

"அவன் கான்சாபுரத்துக்கு மாமன் வீட்டுக்குப் போய் ரெண்டு நாளாச்சு. அவன் இதுல இல்ல."

நான் நாயைப் பார்த்தேன். அத்தான் மலையிலேயே பிடிபட்டுவிட்டார். நான் தூக்கத்தில் கிடந்தேன். அப்படியானால் சிப்பாயின் கழுத்தில் கயிறு போட்டுக் கூட்டிவந்து கட்டிவிட்டு, ஓடுகிற அவசரத்திலும் நாய்ப் பங்கைத் தொங்கவிட்டுப் போனது யார்? அந்தக் கை வீரணன் கைதான். அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும். கொழுந்தனைக் காப்பாற்றுகிறாள், சரி, குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

"எக்கா, கால் ஒண்ணைக் கொண்டாந்து என் வாசல்ல கட்டிட்டுப் போயிருக்கான். கிழக்கு வரிசையில பொதைச்சிட்டேன். வெளிய மூச்சு விட்டுறாத. என் வேலை போயிரும்."

"நான் சொல்லுவேனாலே? ஒனக்குக் கெடுதல் வர விடுவேனா?" என்று என் தலையைத் தடவினாள். இந்த உலகத்தில் அந்தப் பள்ளத்தைப் பற்றித் தெரிந்தது எனக்கும் அவளுக்கும்தான்.

அதற்குப் பிறகு நான் மில்லுக்குப் போன நாளைவிட ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன நாள்தான் அதிகம். அத்தானை அங்கே சப் ஜெயிலில் வைத்திருந்தார்கள். ஜாமீன் கொடுக்க இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேருக்கும் சொத்து வேண்டும், ஒருவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும் என்று சங்கரலிங்கம் சொன்னார். என் தோப்புப் பட்டாவை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்தேன். இன்னொரு ஜாமீன்தாரரை அவரே ஏற்பாடு செய்தார். தனுஷ்கோடி என்று ஒரு பெரியவர். கோர்ட் வாசல் டீக்கடையில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் போடுவார், அதுதான் பிழைப்பு. அவர் சட்டை எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஜாமீன் போட்டால் என் போலீஸ் வேலைக்கு வில்லங்கம் வருமா என்று ரிட்டயர்டான ஏட்டு ஒருவரிடம் கேட்டேன். "ஜாமீன் போடுறது தப்பில்லப்பா. ஒன் பேர்ல கேஸ் வரக் கூடாது, அம்புட்டுதான்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

முதல் தடவை ஜாமீன் கிடைக்கவில்லை. கூட இருந்தவன் யார் என்று தெரியவில்லை, அவன் பிடிபடாமல் இவரை விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சாட்சியைக் கலைத்துவிடுவார்கள் என்று சர்க்கார் வக்கீல் எழுந்து சொன்னார். மனு தள்ளுபடி. அக்கா கோர்ட் வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

அன்று மத்தியானம் ஜெயிலில் அத்தானைப் பார்க்க விட்டார்கள். புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று நான் தள்ளிப்போய் நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்கிறார். இவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். அவர் மறுபடியும் சொல்கிறார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன். தைரியமாய் இரு என்று.

பஸ் ஸ்டாண்டில் அக்கா எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். சின்ன வயசில் ஆண்டாள் கோவில் தேருக்குக் கூட்டி வந்தால் எனக்கு மட்டும் வாங்கிக் கொடுப்பாள், தனக்கு வேண்டாம் என்பாள். இப்போதும் அப்படித்தான். இந்த நேரத்திலும் நம் மேல் எம்புட்டுப் பாசம் பார் என்று நெகிழ்ந்துபோய், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரலைச் சப்பிச் சப்பித் தின்றேன். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த காலேஜ் பையன்கள் நின்றுகொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் அக்கா கேட்டாள்.

"அதை எந்த மரத்தடியில பொதைச்சேன்னு சொன்ன?"

"கிழக்கு வரிசை, கிளிமூக்குக்கு நடுவுல நிக்குமே ஒட்டு மரம், அதுக்கு அடியில. ஏங்க்கா?"

"இல்ல, நாய் தோண்டிரப் போகுதேன்னு கேட்டேன்."

"ஆழமாத்தான் தோண்டியிருக்கேன், பயப்படாத" என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மடையன்.

இரண்டாவது மனு வந்தபோது சர்க்கார் வக்கீல் எழுந்து, கைதி விசாரணைக்கு ஒத்துழைப்பதாகத் தெரிவித்திருக்கிறார், ஆட்சேபணை இல்லை என்றார். கோர்ட்டில் ஆயிரம் சொல்லுவார்கள், நாம் என்னத்தைக் கண்டோம்? எங்கள் வக்கீல்தான் கெட்டிக்காரத்தனமாக எதையோ செய்திருக்கிறார் என்று நினைத்து அவருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டேன். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு போய் நின்றேன். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"கருத்தப்பாண்டி உமக்கு என்ன உறவு?"

"எங்க அக்கா வீட்டுக்காரருங்கய்யா. எனக்கு அப்பா மாதிரி."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். இவர் ஓடிப்போனால் உம்ம தோப்பு போயிடும், தெரியுமா?"

"ஓட மாட்டாருங்கய்யா."

அன்று சாயங்காலம் ஜெயில் கதவு திறந்து அத்தான் வெளியே வந்தார். தாடியும் மீசையுமாக ஆளே பாதியாகியிருந்தார். நேராக வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "மாப்ளே, ஒனக்கு நான் என்ன செய்யப் போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அழுதேன். வீட்டுக்குக் கூட்டிவந்து, வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்தோம். அக்கா கோழி அடித்திருந்தாள். முதல் இலை எனக்குத்தான் போட்டாள். ஈரலை எடுத்து என் இலையில் வைத்தாள். கோர்ட்டில் இடுப்பு வலிக்க நின்றதெல்லாம் அந்த ஒரு இலையில் மறந்துபோயிற்று.

தினமும் காலையில் ரேஞ்சர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. முதல் நாள் அத்தானுக்கு நடக்கத் தெம்பில்லை என்று என் சைக்கிளில் பின்னால் உட்கார்த்தி, நான்தான் மிதித்துக்கொண்டு போனேன். வாசலில் வேப்பமரத்து நிழலில் காத்திருந்தேன். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றுகிற அளவுக்கு உள்ளே இருந்தார். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் கேரியரைப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஜெயில் அசதி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே ரேஞ்சரும் நாலைந்து ஆட்களும் ஜீப்பில் என் தோப்புக்கு வந்தார்கள். என் அறையைச் சோதனை போடவில்லை. நாயைக்கூட அப்புறம்தான் பார்த்தார்கள். ஒரு ஆள் மண்வெட்டியோடு கிழக்கு வரிசைக்குப் போனான். முதல் கிளிமூக்கைத் தாண்டினான். ஒட்டு மரத்தடியில் நின்று, சருகைக் காலால் தள்ளிவிட்டு வெட்ட ஆரம்பித்தான். பக்கத்து மரத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரேஞ்சர் ஏதோ கேட்கிறார், எனக்கு விளங்கவில்லை. பஸ் ஜன்னலும் கையில் பால்கோவாவும்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. மண்ணோடு அந்தக் காலை வெளியே எடுத்து என் முன்னால் போட்டார்கள். குளம்பு அப்படியே இருந்தது.

"ஒன் மச்சான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். ஒன் நாயை நீதான் கூட்டிட்டுப் போனேன்னும், நீதான் தப்பிச்சு ஓடினேன்னும் எழுதிக் குடுத்திருக்கார். நீ என்ன சொல்றே?" என்று கேட்டார் ரேஞ்சர்.

"சார், நான் போகல சார். கூடப் போனது வீரணன். நாய்க்குப் பங்குன்னு இதை என் வாசல்ல கட்டிட்டுப் போனது அவன்தான். நான் பயந்து பொதைச்சேன். எனக்குப் போலீஸ் வேலை வரப்போகுது சார்."

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "வீரணன் அன்னிக்குக் கான்சாபுரத்துல இருந்தான்னு ஒன் அக்காவே எழுதிக் குடுத்திருக்கு. நீ பொதைச்ச எடத்தைச் சொன்னதும் அதுதான். கூடப் பிறந்தவ தம்பி மேல பொய்யா சொல்லுவா? ஒங்களுக்குள்ள ஏதாவது சொத்துத் தகராறு இருக்கா?"

இல்லை. ஒரு தகராறும் இல்லை. அந்தக் கேள்விக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன், அதுவே எனக்கு எதிராகப் போயிற்று. எந்தப் பகையும் இல்லாத அக்கா சொல்கிறாள் என்றால் அது சத்தியமாகத்தான் இருக்கும். நானே ரேஞ்சராக இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

அத்தான் இருந்த அதே சப் ஜெயிலில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அக்கா மூன்றாம் நாள்தான் வந்தாள். தட்டில் சோறு வைத்தால் இறங்கவில்லை என்று சொல்லிவிடுகிற உடம்பு இல்லை எனக்கு. அவள் வரும்வரை நன்றாகத்தான் தின்றேன். அவள் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஏலே, ஏன்லே இப்படி எளைச்சுப் போன?"

"எதுக்கு வந்த?"

"கோவப்படாதலே. நான் சொல்றதைச் செத்த நேரம் கேளு. வீரணனுக்குத் தளவாய்புரத்துல பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணியாச்சு. இப்பப் போயி அவன் ஜெயிலுக்குப் போனா அந்தக் கல்யாணம் நின்னுரும். எங்க மாமியா என்னைய உசுரோட விடமாட்டா. கூட இருந்தவன் பேரைச் சொன்னாத்தான் ஒங்க அத்தானை விடுவோம்னுட்டாக. நான் யாரு பேரைலே சொல்ல?"

"அதுக்கு என் பேருதான் கெடைச்சுதா?"

"நீ ஒத்த ஆளு. பொண்டாட்டியா, புள்ளையா? நீ தாங்குவ. ரெண்டு நாளு, அம்புட்டுதான். அப்பா வீட்டுப் பத்திரத்தைக் கொண்டாந்து நானே ஜாமீன் போட்டு ஒன்னைக் கூட்டிட்டுப் போறேன். வக்கீல்கிட்ட எல்லாம் பேசியாச்சு."

"என் வேலை?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை போலும். அப்போதுதான் ஞாபகம் வந்தவள் மாதிரி முழித்தாள். அல்லது அப்படி நடித்தாள். எனக்கு அவளைத் தெரியும் என்று நினைத்திருந்தேன், அன்று எதுவும் நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை.

"வேலை என்னலே வேலை, மில்லு இருக்குல்ல. வேலை போனா இன்னொண்ணு வரும். புருசன் போனா எனக்கு இன்னொருத்தன் வருவானா?"

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

கேஸ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நாலு வருஷம் இழுத்து, சாட்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று என்னை விடுதலை செய்தார்கள். போலீஸ் லிஸ்ட் நாலு வருஷம் எனக்காகக் காத்திருக்குமா? அந்த மாசமே பெயரை அடித்துவிட்டார்கள். வீரணன் கல்யாணம் குறித்த தேதியில் மேளதாளத்தோடு நடந்தது. சிப்பாய் ஒருவர் கையாலும் சோறு தின்னாமல், நான் திரும்பி வருவதற்குள் செத்துப்போயிற்று. இதையெல்லாம் விட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்தது என் ஜாமீன் நாளைப் பற்றி.

ஒரு தடவை தப்பி ஓடியவன் என்று என்னைப் பற்றி எழுதியிருந்ததால் எனக்கு நிபந்தனை கூடுதல். ஜாமீன்தாரரில் ஒருவர் ரத்த உறவாகவே இருக்க வேண்டும் என்று உத்தரவு. எனக்கு ரத்த உறவு என்று இருந்தது ஒரே ஒருத்திதான்.

கூண்டில் நின்று பார்த்தேன். சங்கரலிங்கம் தாள்களை அடுக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் தனுஷ்கோடிப் பெரியவர் வெள்ளைச் சட்டையில் நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா, மஞ்சள் புடவை கட்டி, தலையைப் படியச் சீவி, நெற்றியில் திருநீறு. கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து என் வெள்ளைச் சட்டையின் காலர் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வெளியே வரும்போது போட்டுக்கொள்ளத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். வாசல் பக்கம் அத்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மட்டும் அவருக்கு வெட்கம் இருந்தது.

அதே மாஜிஸ்திரேட். அதே மூக்குக் கண்ணாடி. முதலில் அக்காவைக் கேட்டார்.

"தவசிமுத்து உனக்கு என்ன உறவும்மா?"

"கூடப் பொறந்த தம்பிங்கய்யா. நான் எடுத்து வளத்த புள்ளைங்கய்யா" என்று சொல்லும்போதே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது நடிப்பு இல்லை. எடுத்து வளர்த்தாள் என்பதும் பொய் இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. கூடப் பிறந்தவள் என்ற ஒரே காரணத்தால்தான் ரேஞ்சர் அவள் சொன்னதை நம்பினார். அதே காரணத்தைச் சொல்லி இன்று என்னை மீட்டுக்கொண்டு போய், கோழி அடித்து, ஈரலை என் இலையில் வைத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும். ஊரும் சொல்லும், என்ன இருந்தாலும் அக்கா அக்காதான் என்று.

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். பதிலை எதிர்பார்க்காமல் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"இந்த அம்மா உனக்கு யாரு?"

"யாரும் இல்லைங்கய்யா."

பேனா நின்றது. சங்கரலிங்கம் பதறிப்போய், "ஐயா, பையன் பயத்துல உளறுறான். வாரிசு சர்ட்டிபிகேட் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு" என்று தாள்களை நீட்டினார். மாஜிஸ்திரேட் அதை வாங்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரத்த உறவு இல்லைன்னா நான் இந்த ஜாமீனை ஏத்துக்க முடியாது. நீ உள்ளதான் இருக்கணும். இவங்க உன் அக்காவா இல்லையா?"

"எனக்கு அக்கா கிடையாதுங்கய்யா."

"ஏலே தவசி!" என்று அக்கா கத்தினாள். "ஏலே, என்னைப் பாத்துச் சொல்லுலே! நான் ஒன் அக்காலே!" டவாலிச் சேவகர் வந்து, சத்தம் போடக் கூடாது என்று அவளை வெளியே கூட்டிப்போனார். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. சுவரில் ஓடிக்கொண்டிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாஜிஸ்திரேட் எதையோ எழுதிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

மற்றக் கைதிகளின் கேஸ் முடிகிறவரை என்னைக் கோர்ட் வராண்டாவில் உட்கார்த்தி வைத்தார்கள். காவலுக்கு இருந்த போலீஸ்காரருக்கு என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். புதுத் தொப்பி, பளபளவென்று பெல்ட். அவர் தோளில் இருந்த பித்தளை நம்பரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வாசல் பக்கம் போய், ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"ஒங்க அக்கா குடுத்துட்டுப் போனாக. நீ காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டேன்னு சொல்லி அழுதாக."

"எனக்கு அக்கா இல்லைன்னு உள்ள சொன்னது கேக்கலையாண்ணே?"

"கேட்டுச்சு. அதுக்குப் பால்கோவா என்னலே பாவம் பண்ணுச்சு?"

"நீங்களே தின்னுங்க."

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, பிரித்துத் தின்ன ஆரம்பித்தார். இன்னும் சூடு ஆறாத பால்கோவா. நெய் வாசனை வராண்டா முழுக்கப் பரவியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினேன். மறுபடியும் ஊறியது. கூண்டில் நின்று அவள் யாரும் இல்லை என்று சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. ஆனால் அவள் வாங்கிக் கொடுத்ததற்கு என் நாக்கு சின்னப் பையன் மாதிரி ஏங்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கு நான் அழுதது அதற்காகத்தான்.